சாட்சிக் கூண்டில் ஏறும் முன்: நினைவு, மனம், கோர்ட் பற்றி எங்கள் எல்லைப்புறத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து சித்தூர் கோர்ட்டுக்கு வருகிற தமிழ்க்காரர்களோடு ஒன்பது வருடமாகப் பழகுகிறேன். பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திராச் சித்தூரை அல்ல. நான் கோயமுத்தூரில் உளவியல் படித்தவள். இங்கே சட்ட உதவிக்கான பாரா லீகல் வாலன்டியராக இருக்கிறேன். சாட்சி சொல்ல வருகிறவர்களும், பையனை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஓடி வருகிறவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் முடிவு.

மனசைப் பத்தின படிப்புக்கும் கோர்ட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஒரு கேஸில் கத்தி, ரத்தக்கறை, சிசிடிவி எல்லாம் இருக்கலாம். ஆனாலும் பெரும்பாலான கேஸ்கள் மனிதர் சொல்லும் சொல்லில்தான் நிற்கின்றன. பார்த்தவர் சொல்கிறார், அடிபட்டவர் சொல்கிறார், பிடிபட்டவர் ஒத்துக்கொள்கிறார், அதையெல்லாம் கேட்டு ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். பார்ப்பது, நினைவு வைப்பது, பயப்படுவது, நம்புவது, முடிவெடுப்பது எல்லாமே மனத்தின் வேலை. அந்த வேலை எங்கே சரியாக நடக்கும், எங்கே தடுக்கும் என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த அறிவு கோர்ட்டுக்குள் வராவிட்டால் நிரபராதி உள்ளே போவான், குற்றவாளி வெளியே நடப்பான்.

நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேணும்?

இதைக் கேட்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் இருக்கிறது? தேங்காய் வியாபாரி, பஸ் கண்டக்டர், கள்ளுக்கடையில் கல்லாவில் உட்காருகிறவர் என்று தினமும் நூறு நோட்டு எண்ணுகிறவர்களே திணறுவார்கள். ஒருவர் காந்தி என்பார், ஒருவர் பார்லிமென்ட் என்பார். இருப்பது டெல்லிச் செங்கோட்டை. கண் தினமும் பார்த்ததுதான், மனம் அதை எடுத்து வைக்கவில்லை.

நினைவைப் பலரும் போனில் எடுத்த வீடியோ மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைத் துண்டு துண்டாக எடுத்து மறுபடி கட்டுகிறது. கட்டும்போது பிறர் சொன்னதும், கேள்வி கேட்டவர் போட்ட வார்த்தையும் நடுவில் புகுந்துகொள்ளும். 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இருவர் செய்த சோதனை பிரபலமானது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டார்கள். கார்கள் "இடித்தபோது" என்று கேட்டால் சராசரியாக 34 மைல் என்றார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்டால் 40 மைலுக்கு மேல். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். "இடித்த" என்று கேட்டவர்களில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. அந்த 16 பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு வினைச்சொல் அவர்கள் நினைவுக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிவிட்டது.

பயந்து போய்ப் பாத்தது உயிர் உள்ளவரைக்கும் மறக்காதுன்னு சொல்றாங்களே?

நடந்தது மறக்காது. நடத்தியவரின் முகம் அப்படியே பதிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கையில் அரிவாளோடு ஒருவன் எதிரே நின்றால் கண் அரிவாளிலேயே நிற்கும். பிடி என்ன நிறம், நுனி வளைந்திருந்ததா என்றெல்லாம் சொல்வீர்கள். மீசை இருந்ததா என்றால் தடுமாறுவீர்கள். ஆயுதத்தின் மேல் கவனம் குவிவதை ஆராய்ச்சிகள் பல முறை உறுதி செய்திருக்கின்றன. இருட்டு, தூரம், பார்த்த நேரம் எத்தனை நொடி என்பதெல்லாம் இதோடு சேரும். அதனால்தான் தென்னந்தோப்பில் ராத்திரி நடந்த கேஸ் என்றால் வக்கீல் லைட் எங்கே இருந்தது, எத்தனை தென்னை தள்ளி நின்றீர்கள் என்று குடைகிறார். அது உங்களை அவமானப்படுத்த அல்ல.

ஸ்டேஷன்ல போட்டோ காட்டினாங்க. அப்புறம் சப் ஜெயில்ல வரிசையா ஆளுங்களை நிக்க வெச்சுக் காட்டினாங்க. எதுக்கு ரெண்டு தடவை?

வரிசையாக நிற்க வைத்துக் காட்டுவது அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்கும், போலீஸ் அங்கே இருக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஆளை நீங்கள் உண்மையிலேயே அடையாளம் காண்கிறீர்களா என்று பார்ப்பதே நோக்கம். சட்டத்தில் இதன் எடை குறைவு. கூண்டில் ஏறி நீங்கள் கோர்ட்டில் காட்டும் அடையாளம்தான் சாட்சியம், அணிவகுப்பு அதற்கு முட்டுக்கொடுக்கும். அதுவும் சீக்கிரம் நடந்திருக்க வேண்டும், நடப்பதற்கு முன் அந்த ஆளை உங்களுக்கு யாரும் காட்டியிருக்கக் கூடாது.

போட்டோ காட்டிவிட்டு அணிவகுப்பு வைத்தால் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. வரிசையில் நிற்கும் முகங்களில் ஒன்று மட்டும் பழகிய முகமாகத் தெரியும். எங்கே பழகியது என்று மனம் சொல்லாது. சம்பவ இடத்திலா, ஸ்டேஷன் மேஜையில் இருந்த போட்டோவிலா? 1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். தப்பித்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று வைராக்கியமாக அவன் முகத்தைப் பார்த்து மனதில் ஏற்றினார். போலீஸ் காட்டிய போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். பிறகு நேரில் நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். இரண்டிலும் இருந்த ஒரே ஆள் அவர்தான். மறுவிசாரணையின்போது உண்மையான குற்றவாளியையே கோர்ட்டுக்குள் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார் அந்தப் பெண். பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த காட்டன் 1995-ல் டி.என்.ஏ. பரிசோதனையால் வெளியே வந்தார்.

அந்தப் பெண் நேர்மையானவர், கவனமாகப் பார்த்தவர், துளி சந்தேகமில்லாமல் சொன்னவர். இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். அமெரிக்காவில் டி.என்.ஏ. மூலம் நிரபராதி என்று வெளிவந்தவர்களின் கேஸ்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழில் யாரோ ஒருவர் தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார்.

நான் அவ்வளவு உறுதியாச் சொல்றேன். உறுதிக்கு மதிப்பில்லையா?

எப்போது வந்த உறுதி என்பதைப் பொறுத்தது. முதல் தடவை, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், "இவன்தான்" என்று வந்த உறுதிக்கு மதிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் வருகிற உறுதி பிறர் ஊட்டி வளர்த்ததாக இருக்கலாம்.

1998-ல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, குற்றவாளியே இல்லாத படவரிசையிலிருந்து ஆளைக் காட்டச் சொன்னார்கள். காட்டிய எல்லோருமே தவறு. அவர்களில் சிலரிடம் மட்டும், சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்று ஒரு வரி சொன்னார்கள். அந்த ஒரு வரி கேட்டவர்களுக்கு உறுதி ஏறிவிட்டது. அதோடு நிற்காமல், முகத்தை நன்றாகப் பார்த்தேன், கவனமாகப் பார்த்தேன் என்றும் சொன்னார்கள். மேலே சொன்ன கேஸிலும் அந்தப் பெண்ணிடம் போலீஸ், போட்டோவில் காட்டியவனைத்தான் நேரிலும் காட்டினாய் என்று சொல்லியிருந்தது. அடையாளம் கேட்கும் அதிகாரிக்கே யார் சந்தேக நபர் என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதனால்தான். தெரிந்தவர் வாயால் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடும்.

ஸ்டேஷன்ல சொன்னதும் கோர்ட்டுல சொன்னதும் கொஞ்சம் மாறிப்போச்சு. நான் பொய் சாட்சியா?

நீலச் சட்டை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, மூன்று வருடம் கழித்துப் பச்சை என்று சொன்ன ஒரு தோப்புக் காவல்காரர், கோர்ட் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியாது. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, "எம் பேச்சு பொய்யாயிடுச்சே கண்ணு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துக் காட்டினார்: மறதி முதல் மணி நேரங்களில் செங்குத்தாக இறங்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும்.

சட்டமும் இதை அறியும். 1983-ல் குஜராத் கேஸ் ஒன்றில் சுப்ரீம் கோர்ட், மனத்திரையில் வீடியோ டேப் மறுபடி ஓடுவது போலச் சாட்சியிடம் எதிர்பார்க்க முடியாது, சின்னச் சின்ன முரண்பாடுகளுக்காகச் சாட்சியைத் தள்ளக் கூடாது என்று விரிவாகவே சொல்லியிருக்கிறது. கேஸின் ஆணிவேரைத் தொடுகிற மாற்றம் வேறு. குத்தியவன் அண்ணன் என்று சொல்லிவிட்டு அப்புறம் தம்பி என்றால் அது சட்டை நிறம் மாதிரி அல்ல.

போலீஸிடம் சாட்சியாகச் சொல்லும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சட்டம் அதைத் தடுக்கவே செய்கிறது. எதிர்த்தரப்பு உங்கள் பேச்சில் முரண் காட்டத்தான் முக்கியமாக அதைப் பயன்படுத்தும். புகார் கொடுத்தவர் முதலில் கொடுக்கும் வாக்குமூலம் வேறு, அதில் கையெழுத்து உண்டு.

எனக்கு மலையாளம் பேசினாப் புரியும், எழுதப் படிக்கத் தெரியாது. நான் தமிழ்ல சொன்னதை மலையாளத்துல எழுதிட்டாங்க. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். எங்கள் எல்லையில் நடக்கும் குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மலையாளம் தெரியாதவருக்குக்கூட இவ்வளவு சிக்கல் வராது. பாதி தெரிந்தவருக்குத்தான் வரும், ஏனென்றால் ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு பொருளோடு நடமாடுகிறது.

ஸ்டேஷனில் "மொழி எடுக்கணும்" என்றால் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அர்த்தம். "பிரதி" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். பிரதியைக் கண்டாயா என்று கேட்டதும் கையில் இருந்த ஜெராக்ஸை நீட்டிய அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். "விஷமம்" அவர்களுக்கு மன வருத்தம், நமக்குச் சேட்டை. இதெல்லாம் கேட்டவுடன் தெரிந்துவிடும் பிழைகள். தெரியாமல் போகிறவைதான் ஆபத்து. ஒரு பாட்டி "அவசரத்துல பாத்தேன் சாமி" என்றார். பதற்றத்தில், சட்டென்று, ஒரு பார்வை என்பது அவர் சொன்னது. மலையாளத்தில் "அவசரத்தில் கண்டு" என்றால் அந்தச் சமயத்தில் கண்டேன் என்று பொருள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் அவர் அரைகுறையாகத்தான் பார்த்தார் என்ற செய்தி காணாமல் போய்விட்டது. இருட்டு, தூரம், எத்தனை நொடி என்று முன்பு சொன்னேனே, அடையாளத்தின் தரத்தைத் தீர்மானிக்கிற அந்த ஒரே தகவல் அங்கேயே அழிந்தது.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கிரிமினல் கேஸை நடத்தும் முறையைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 313-ம் பிரிவுப்படி, நீங்கள் கோர்ட்டில் சொன்ன சாட்சியத்தை முடிந்ததும் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதியிருந்தால், நீங்கள் பேசிய மொழியிலோ உங்களுக்குப் புரியும் மொழியிலோ விளக்க வேண்டும். தவறு இருந்தால் சொல்லலாம். திருத்துவார்கள், அல்லது நீங்கள் சொன்ன ஆட்சேபத்தைக் குறித்து வைப்பார்கள். "எனக்குத் தமிழ்ல சொல்லுங்க" என்று ஜட்ஜிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதல் வார்த்தையிலிருந்தே தமிழிலேயே பேசுங்கள். மரியாதைக்காகப் பாதி மலையாளம் கலந்து பேசுவதுதான் காலை வாரும்.

கண்ணைப் பாத்துப் பேசல, குரல் நடுங்குது, வேர்க்குது. பொய்தானே சொல்றான்?

அப்படி முடிவு கட்டினால் காசு சுண்டிப் போட்டுப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமை பற்றிய 200-க்கு மேற்பட்ட ஆய்வு அறிக்கைகளை பாண்ட், டெபாலோ என்ற இருவர் 2006-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக நூற்றுக்கு 54.

நம் பக்கத்தில் பெரியவர் முன்னால் தலை குனிந்து பேசுவது பழக்கம். முதல் தடவை கோர்ட்டைப் பார்க்கிற தோட்டத் தொழிலாளிக்குக் கால் நடுங்கத்தான் செய்யும். சாட்சி நடந்துகொண்ட விதத்தை ஜட்ஜ் குறித்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் நான் இதை எல்லா வக்கீல்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: நடுக்கம் பயத்தைக் காட்டும், பயம் எதனால் என்று அது சொல்லாது.

தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க ஒத்துக்கறான்? நானா இருந்தா உயிரே போனாலும் ஒத்துக்க மாட்டேன்.

தூக்கமில்லாமல், வீட்டுக்குப் போன் பேச முடியாமல், அதே கேள்வி இருபதாவது தடவையாக வரும்போது மனத்துக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும்: இப்போது இது நிற்க வேண்டும். ஜெயில் தூரத்தில் இருக்கிறது, வலி கையருகில் இருக்கிறது. "ஒத்துக்கோ, விட்டுடறோம்" என்ற பேச்சும் சேர்ந்தால் நிரபராதி, உண்மை அப்புறம் எப்படியும் தெரிந்துவிடும் என்று நம்பியே ஒத்துக்கொள்வான். சின்ன வயதுக்காரர்களும், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களும், பெரியவர் சொன்னால் தலையாட்டியே பழகியவர்களும் சீக்கிரம் மடங்குவார்கள். 1989-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளான கேஸில் சிறுவர்கள் இப்படித்தான் ஒத்துக்கொண்டார்கள். 2002-ல் வேறொருவன் தான் செய்ததாகச் சொல்லி, டி.என்.ஏ.வும் அதோடு பொருந்தி, தண்டனை ரத்தானது.

அடியே இல்லாமலும் இது நடக்கும். 1996-ல் சால் காசின் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனையில், குறிப்பிட்ட கம்ப்யூட்டர் பட்டனைத் தொடக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, பிறகு நீ தொட்டதால்தான் கெட்டுப்போனது என்று குற்றம் சாட்டினார்கள். யாரும் தொடவில்லை. 69 சதவீதம் பேர் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார்கள். 28 சதவீதம் பேர் தாங்கள் உண்மையிலேயே தொட்டுவிட்டதாக நம்பவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் சட்டம் போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை நம்ப மறுப்பது 1872-ன் பழைய சாட்சியச் சட்டத்திலிருந்தே தொடர்கிறது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ம் பிரிவு. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருளுக்கு வழிகாட்டிய பேச்சு மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன் ஒப்புதல் கொடுப்பதானால், நீ ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே வரும் என்று அவர் முதலில் எச்சரித்தாக வேண்டும். அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் அங்கேயே சொல்லலாம். சொன்னதற்காக உங்களை மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்ப முடியாது.

அப்ப நார்கோ டெஸ்ட், பொய் கண்டுபிடிக்கிற மெஷின் வெச்சுப் பாத்துட்டாத் தெரிஞ்சிடுமே?

மெஷின் அளப்பது ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, தோலின் வியர்வை. பொய்யை அளக்கும் கருவி அதில் இல்லை. பயந்த நிரபராதியும் பொய் சொல்லும் குற்றவாளியும் அதில் ஒரே மாதிரி தெரியலாம். நார்கோவில் மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைப்பார்கள். அந்த நிலையில் மனிதர் உண்மையும் பேசுவார், கற்பனையும் பேசுவார், கேட்டவர் எடுத்துக்கொடுத்ததையும் பேசுவார். 2010 மே 5-ம் தேதி செல்வி கேஸில் சுப்ரீம் கோர்ட், சம்மதமில்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு மட்டுமே சாட்சியமாகாது.

என் பேத்திக்கு ஆறு வயசு. அவ சொல்றதைக் கோர்ட் நம்புமா?

நம்பலாம். சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் இல்லை. கேள்வி புரிகிறதா, புரிந்து பதில் சொல்கிறாளா என்று ஜட்ஜ் முதலில் பேசிப் பார்ப்பார். 12 வயதுக்குக் கீழே சத்தியப் பிரமாணமும் கட்டாயமில்லை.

ஆபத்து குழந்தையிடம் இல்லை, பெரியவர்கள் கேட்கும் விதத்தில் இருக்கிறது. "என்ன நடந்துச்சு, சொல்லு சாமி" என்று கேட்டால் அவள் சொல்வது குறைவாக இருக்கும், ஆனால் அவளுடையதாக இருக்கும். "மாமா இங்க தொட்டானா? தொட்டான்தானே?" என்று பத்து தடவை கேட்டால், முதலில் சொன்ன பதில் தப்பு போலிருக்கிறது, பெரியவர்களுக்கு வேறு பதில் வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை புரிந்துகொண்டு மாற்றும். கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் பாலர் பள்ளியில் குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்று 1983-ல் தொடங்கிய கேஸில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் இப்படித் தூண்டித் தூண்டிக் கேட்டார்கள். 1990-ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் கேஸ் முடிந்தது. உண்மையில் ஏதாவது நடந்திருந்தால்கூட அந்தக் கேள்விகள் அதைப் புதைத்துவிட்டன. ஆகவே வீட்டில் யாரும் ஒத்திகை பார்க்காதீர்கள். அவள் தானாகச் சொன்ன முதல் வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. குழந்தையின் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, முடிந்தவரை பெண் சப் இன்ஸ்பெக்டர், காக்கிச் சட்டை இல்லாமல் வாக்குமூலம் எடுக்க வேண்டும். அவள் நம்புகிறவர் ஒருவர் கூட இருக்கலாம். தேவையானால் மொழிபெயர்ப்பாளர் உண்டு. கோர்ட்டில் வக்கீல் நேராக அவளைக் கேட்கக் கூடாது, கேள்வியை ஜட்ஜிடம் கொடுத்து, ஜட்ஜ் கேட்க வேண்டும். எதிராளி அவள் கண்ணில் படக் கூடாது. தமிழ் மட்டும் தெரிந்த குழந்தை என்றால் மொழிபெயர்ப்பாளரை முதல் நாளே கேளுங்கள். மேலே பாட்டிக்கு நடந்தது ஆறு வயதுக்காரிக்கு நடந்தால் யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

சாட்சிங்க எல்லாம் காசு வாங்கிட்டுத்தானே பல்டி அடிக்கறாங்க?

காசும் உண்டு. அதைவிடப் பெரியது, அதே ஊரில் நாளைக்கும் வாழ வேண்டும் என்பது. நம் மாவட்டத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22-ம் தேதி மது என்ற ஆதிவாசி இளைஞரைத் திருட்டுப் பழி சுமத்தி ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. மண்ணார்க்காடு தனி கோர்ட்டில் விசாரணை வந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். ஒரு சாட்சி, அவரே இருக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டியபோதும் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றார். கோர்ட் அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. கண்ணில் கோளாறு இல்லை. சாட்சிகளைக் கலைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 12 பேரின் ஜாமீன் ரத்தானது. கடைசியில் 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

கண்ணுக்குத் தெரிந்ததை வாய் சொல்ல மறுக்கும் அளவுக்குப் பயமும் உறவும் மனிதரை இறுக்கும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தாமல் சாட்சியைத் திட்டிப் பயனில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்கலாம். மிரட்டல் வந்த அன்றே கேளுங்கள், கூண்டில் ஏறும் நாளில் அல்ல.

மனநிலை சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா விட்டுடுவாங்களாமே?

இல்லை. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ம் பிரிவு கேட்பது ஒன்றே ஒன்று: அந்தச் செயலைச் செய்த அந்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்றோ அது தவறு என்றோ அறிய முடியாத அளவுக்கு மனம் கெட்டிருந்ததா? நோய் இருக்கிறது என்ற மருத்துவ முடிவு மட்டும் போதாது. நிரூபித்தாலும் நேரே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள், பாதுகாப்பில் வைத்துச் சிகிச்சை கொடுக்க உத்தரவிடலாம். தானாகக் குடித்துவிட்டுச் செய்ததற்கு இந்த வழி இல்லை.

மனநோய் உள்ளவர்கள் எல்லாம் ஆபத்தானவர்கள் என்று நினைத்து இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை, அடி வாங்குகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

ஜட்ஜும் மனுசன்தானே? அவர் மனசு தடுமாறாதா?

தடுமாறும். ஜெர்மனியில் 2006-ல் வெளிவந்த ஆய்வில், சட்ட வல்லுநர்களிடம் ஒரு கடைத் திருட்டுக் கேஸைக் கொடுத்துத் தாயம் உருட்டச் சொன்னார்கள். கூட்டினால் 3 வரும்படியோ 9 வரும்படியோ செய்த ஜோடித் தாயம் அது. 3 விழுந்தவர்கள் சராசரியாக 5.28 மாதத் தண்டனை சொன்னார்கள், 9 விழுந்தவர்கள் 7.81 மாதம். முதலில் காதில் விழும் எண் மனத்தைப் பிடித்து இழுக்கிறது.

இன்னொரு ஆய்வு வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது: ஜட்ஜ் சாப்பிட்ட பிறகு போனால் ஜாமீன் கிடைக்கும் என்று. அது இஸ்ரேலில் பரோல் மனுக்களைப் பற்றி 2011-ல் வந்தது. மனுக்கள் வந்த வரிசையே சீரானதல்ல, வக்கீல் இல்லாதவர்களின் மனுக்கள் இடைவேளைக்கு முன்பு கடைசியாக வந்தன என்று அதே வருடம் மறுப்பும் வந்தது. ஆகவே அதை நம்பி நேரம் பார்க்காதீர்கள். தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும், மேல் கோர்ட் அதைப் பார்க்கலாம் என்ற ஏற்பாடே மனிதத் தடுமாற்றத்துக்குச் சட்டம் போட்ட கடிவாளம்.

நாளைக்குச் சாட்சி சொல்லப் போறேன். என்ன தயார் பண்ணணும்?

உங்கள் பழைய வாக்குமூலத்தை அரசு வக்கீல் உதவியோடு தமிழில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற சாட்சிகளோடு உட்கார்ந்து, நீ என்ன சொல்லுவே என்று பேசாதீர்கள். கார்க் கண்ணாடிச் சோதனையில் ஒரு சொல் செய்ததை, டீக்கடையில் ஒரு மணி நேரப் பேச்சு பத்து மடங்கு செய்யும். பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து வையுங்கள். கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். நினைவில்லை, தெரியாது என்பதும் முழுப் பதில்தான். தெரியாததை இட்டு நிரப்புகிற இடத்தில்தான் குறுக்கு விசாரணை உங்களைப் பிடிக்கும். பஸ் செலவுக்குப் படி கேட்டு வாங்குங்கள்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தனை அடையாளம் காட்டினேன். நீங்க சொன்னதெல்லாம் கேட்ட பிறகு அவன்தானான்னு சந்தேகம் வருது. இப்ப வெளியில சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்களா?

இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பொய் சாட்சி என்ற குற்றத்துக்கு, சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது உண்மை என்று நம்பாமல் சொல்லியிருக்க வேண்டும். நம்பிச் சொல்லிப் பிறகு சந்தேகம் வந்தால் அது அந்தக் குற்றம் ஆகாது. மனதறிந்து மறைத்துக்கொண்டு மறுபடி கூண்டில் ஏறி அடித்துச் சொன்னால்தான் நிலைமை மாறும்.

முதலில் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். யாராவது மிரட்டியோ, அவன் வீட்டார் வந்து அழுதோ வந்ததா? அல்லது அன்றைக்கே மனதின் ஓரத்தில் இருந்ததா? அணிவகுப்புக்கு முன்பு போட்டோ காட்டினார்களா, காட்டிய பிறகு யாராவது "சரியாச் சொன்னே" என்றார்களா? நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். இன்னும் கோர்ட்டில் சாட்சி சொல்லவில்லை என்றால் அரசு வக்கீலிடம் சொல்லுங்கள், கூண்டிலும் "அன்றைக்கு இவர் என்று காட்டினேன், இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றே சொல்லுங்கள். சாட்சி சொல்லி முடித்திருந்தாலும், தீர்ப்புக்கு முன் சாட்சியைத் திரும்ப அழைக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 348-ம் பிரிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பே வந்துவிட்டது என்றால் அப்பீலில் இருக்கும் வக்கீலுக்கு உங்கள் பேச்சு தேவைப்படும். தனியாக எதுவும் செய்யாதீர்கள். 15100-க்குப் போன் செய்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவரோடு நானே வக்கீல் ஆபீஸ் வரைக்கும் போனேன். இன்னொருவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவருக்காகத்தான் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.